பனங்கட்டிப் பெட்டியும் இரண்டாயிரம் அம்மாள் படங்களும்

1. பசைத் தம்பி

கொழும்பில் ஓர் அச்சகத்தின் லேபிள் பகுதியில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டு நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலுள்ள என் ஊர் சரவணைக்குத் திரும்பியபோது, எனக்குத் தெரிந்த தொழிலுக்கு இந்தத் தீவில் இனி இடமில்லை என்றுதான் நினைத்தேன். தேயிலைக்கும் சவர்க்காரத்துக்கும் ஊதுபத்திக்கும் லேபிள் அடித்த கை என்னுடையது. இங்கே பனங்கட்டி அதை வார்த்த ஓலைக் குட்டானோடேயே விற்கும். பனம்பழக் களியைப் பாயில் பரப்பிக் காயவைத்த பினாட்டு, பாயிலிருந்து உரித்த கையோடு விற்கும். யார் லேபிள் கேட்கப் போகிறார்கள்?

கேட்டது எங்கள் ஊர் மகளிர் பனைவேலைச் சங்கம். அதன் தலைவர் கந்தையா வாத்தியார். மகளிர் சங்கத்துக்கு ஆண் தலைவரா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கலாம். அப்போது யாருக்கும் அது சிரிப்பாகத் தெரியவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. சீனி கூப்பனுக்கு அளந்து கிடைத்த நாட்கள். தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கக் கொழும்பாரும் பழகியிருந்தார்கள்.

“சனம் இப்ப எங்கட பனங்கட்டியைத் தேடுது காணும்,” என்றார் வாத்தியார். “ஆனா உந்தக் குட்டானைக் கண்டால் பட்டினத்துக்காரர் மூஞ்சையைச் சுழிக்கினம். நீர் கொழும்பிலை படிச்ச வித்தையைக் காட்டும். வடிவா ஒரு பெட்டியிலை போட்டுத் தாரும். ஒரு வருஷம் பாப்பம். சரி வந்தால் பொதி பண்ணுற பகுதி எண்டு நிரந்தரமா வைப்பம். சரிவராட்டில் அந்தப் பெட்டையளும் வீட்டை, நீரும் வீட்டை.”

அவர் அப்படித்தான். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

“அந்தப் பெட்டையள்” என்று அவர் சொன்னது பன்னிரண்டு பெண்களை. ஓடு போட்ட நீண்ட மண்டபத்தில் பாய் விரித்து இருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தார்கள். முதல் நாள் நான் நீளக் காற்சட்டையோடு உள்ளே போனதும் பேச்செல்லாம் நின்றுவிட்டது. அவர்களுக்குள் மூத்தவர் இராசம்மா அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். மூடற்பெட்டி இழைப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. கடைசிப் பாயில் தனியாக இருந்தவள் பிலோமினா. ஊர்காவற்றுறையிலிருந்து பஸ்ஸில் வருவாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராததால் வேலைக்கு வந்தவள். பன்னிருவரில் அவள் ஒருத்திதான் கத்தோலிக்கப் பெண், அவள் ஒருத்திதான் என்னை “சேர்” என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டவள். மற்றவர்களுக்கெல்லாம் நான் தம்பிதான். ஏனென்றால் மற்றவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு வழியில் எனக்குச் சொந்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வந்ததும் வராததுமாக நான் குறை பிடித்தது பசையில். கஞ்சியைக் காய்ச்சிப் பசை என்று வைத்திருந்தார்கள். கரப்பான் பூச்சிக்கு அதைவிட விருந்து வேறில்லை. கோதுமை மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டி, இறக்குமுன் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு கிள்ளு மயில்துத்தம் போட வேண்டும் என்று அரை நாள் விளக்கம் சொன்னேன். கோதுமை மாவும் கூப்பனுக்குத்தான் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து என் பெயர் பசைத் தம்பி. முன்னால் சொல்லவில்லை, ஆனால் காது கேட்கும் தூரத்தில் தாராளமாகச் சொன்னார்கள்.

அந்த மண்டபத்தை இப்போது நினைத்தாலும் முதலில் வருவது மணம்தான். ஒரு மூலையில் அவித்த இளம் பனையோலையான சார்வோலை, இன்னொரு மூலையில் கொதிக்கும் சிவப்புச் சாயம், இரண்டுக்கும் நடுவே பனங்கட்டி. பத்து மணிக்கு வெறுந்தேநீர் வரும். எல்லோரும் உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியோடு வட்டமாக இருந்து ஊர்க்கதை பேசுவார்கள். நான் எட்ட ஒரு கதிரையில் கணக்காக முகத்தை வைத்துக்கொண்டு இருப்பேன். அந்த வட்டத்துக்குள் போய் இருந்திருந்தால் பின்னால் வந்த கரைச்சல் வந்திராது. சுப்பவைசர் என்ற பதவி இருக்கிறதே, அது இருக்க விடவில்லை.

2. வடிவோ?

பெட்டி நன்றாகவே வந்தது. அரை றாத்தல் பனங்கட்டி கொள்ளும் சிறிய மூடற்பெட்டி. வெண்மையான சார்வோலை. அடியில் ஈரம் இழுக்க வாட்டிய வாழைச் சருகு. மூடி, பெட்டிக்குள் இறுக்கமாக இறங்கும். இந்தப் பெருமை முழுவதும் இராசம்மா அக்காவுக்கு. என் பெருமை மூடியின் மேல் வரப்போகும் லேபிளில் இருந்தது.

ஆனி மாதத்தில் நயினாதீவு அம்மன் திருவிழா. பதினைந்து நாளும் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் போகும் லோஞ்சுப் படகுக்கு நிற்கும் சனத்துக்குக் கணக்கில்லை. அந்தத் துறையில் ஒரு கடைத் துண்டு எங்கள் சங்கத்துக்கு அம்முறைதான் முதன்முதலாகக் கிடைத்தது. வாத்தியார் நடையாய் நடந்து எடுத்தது. “இந்த வருஷம் கடையை நிரப்பிக் காட்டாட்டில் அடுத்த முறை பட்டினத்து முதலாளிக்குப் போயிடும்,” என்று அவர் சொன்னபோது, பொதிப் பகுதியின் சோதனை எங்கே நடக்கப் போகிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

திருவிழாச் சனத்துக்கு விற்கும் பெட்டியில் என்ன படம் போடலாம்? இதை யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அம்மாள். ஐந்து தலை நாகம் குடை பிடிக்க, நடுவில் அம்மாள். சுற்றிவர நீலக் கடல், கீழே சிவப்பில் சங்கத்தின் பெயர். நானே கீறினேன். மூன்று நிறத்துக்கு மூன்று அச்சுப் புளொக். கடதாசித் தட்டுப்பாட்டில் ஆர்ட் பேப்பர் கிடைப்பது மழைக்காலத்தில் புழுதி தேடுவதுபோல. கொழும்பில் என்னோடு வேலை செய்தவன் ஒருவனைப் பிடித்து, கெஞ்சி, இரண்டாயிரம் அடித்து எடுத்தேன். இனி ஒரு தாள்கூடக் கிடையாது என்று அவன் கையை விரித்துவிட்டான்.

கட்டைப் பிரித்து மேசையில் பரப்பினேன். பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். பிலோமினாவும் வந்தாள்.

“வடிவோ?” என்று கேட்டேன்.

“வடிவு தம்பி,” என்றார் இராசம்மா அக்கா. “கண் ரெண்டும் உயிரோடை பாக்கிற மாதிரிக் கிடக்கு.”

எல்லோரும் வடிவு என்றார்கள். இரண்டு பேர் கும்பிட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொதியைக் கண்டதும் வாங்குகிறவர் கும்பிட வேண்டும் என்றால் அதற்கு மேல் ஒரு லேபிள்காரனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்த முட்டாள்தனமான நினைப்பு எனக்கு இன்னும் சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

3. முறைப் பட்டியல்

ஒட்டும் வேலை தொடங்கியது. ஆனால் ஓடவில்லை. முதல் நாள் ஆறு பேர் ஒட்டினார்கள். அடுத்த நாள் நான்கு பேர். பிறகு, “சுகமில்லைத் தம்பி, நான் இண்டைக்கு ஓலை வாரப் போறன்,” என்று ஒருத்தி. “எனக்குக் கை நடுங்குது,” என்று இன்னொருத்தி. ஓலை வார நடுங்காத கை ஒட்டத்தான் நடுங்குமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொழும்பில் செய்வதுபோல ஒரு முறைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். யார், எந்த நாள், எத்தனை பெட்டி. மாற்ற முடியாது.

அடுத்த கிழமை மூன்று பேர் வேலைக்கே வரவில்லை. மூன்று நாள், நான்கு நாள் நின்றுவிட்டு, தலைக்குக் குளித்து, ஒன்றும் நடக்காததுபோல வந்தார்கள். நான் வரவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போட்டேன். கலியாணம் ஆகாத இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை நான். நாலு தங்கைமாரோடு பிறந்தவன் என்றால் விளங்கியிருக்கும். தனிப்பிள்ளை.

ஒட்டி முடிந்த இருநூறு பெட்டியையும் பட்டினத்துக் கடைக்காரர் ஒருவருக்கு மாதிரிக்குக் கொடுக்கலாம் என்று இரண்டு சாக்கில் போட்டு பஸ்ஸில் ஏற்றினேன். சாக்கின் வாய் திறந்திருந்தது. வழக்கம்போல இருக்கைக்குக் கீழே தள்ளினேன். வேலணையில் ஏறிய ஒரு பெரியவர் இருக்கப் போனவர், குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நிமிர்ந்தார்.

“ஆற்றை மூட்டை இது?”

“என்ரைதான் ஐயா.”

“அம்மாளைக் காலுக்குள்ளை வைச்சுக்கொண்டு போறீர். நீரும் ஒரு மனிசரே?”

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன்னும் பின்னும் இருந்தவர்கள் கால்களை மடக்கி இருக்கையில் ஏற்றினார்கள். நடத்துநர் கூரைக்கு ஏற்றவா என்று கேட்டார். கூரையில் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. அங்கேயும் வைக்க ஏலாது. கடைசியில் ஒரு சாக்கை என் மடியிலும் மற்றதை அந்தப் பெரியவரின் மடியிலும் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வரைக்கும் போனோம். அவர் இறங்கும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஒரு பெட்டி வாங்கினார்.

இரண்டு கிழமை கழித்துக் கடைக்காரரிடம் போனேன்.

“எப்படி ஐயா, திரும்பக் கேட்டு வருகினமோ?”

“எங்கை வாறது?” என்று சிரித்தார். “வாங்கினவை எல்லாம் பெட்டியைச் சாமியறையிலை வைச்சிருக்கினம். திறக்கவும் பயம், திண்டு முடிச்சால் பெட்டியை எறியவும் பயம். என்ரை மனிசியும் அப்பிடித்தான். பனங்கட்டி உள்ளுக்கை கிடக்க எறும்பு வரிசையாப் போய்க் கும்பிட்டிட்டு வருது.”

அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு திரும்பினேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

4. முருகேசர்

கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முருகேசர் காலமானார். எண்பது தாண்டியவர், படுக்கையில் கிடந்தவர், நல்ல சாவு. ஆனால் அவர் எங்கள் பகுதியில் முக்கால்வாசிப் பேருக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமன், அப்பு. என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தமையன்.

சுடலைக்குப் போய்வந்து, தோய்ந்து, நாலாம் நாள் காலை மண்டபத்தைத் திறந்தேன். சொந்த வீட்டு ஆட்களைத் தவிர மற்றவர்கள் வரலாம் என்று சொல்லியிருந்ததால் பெண்கள் வந்திருந்தார்கள். பனங்கட்டி போட்டு மூடிய ஆயிரத்து ஐந்நூறு பெட்டி சுவரோரம் அடுக்கி இருந்தது. எல்லாம் வெறும் மூடி, ஒட்டும் வேலை அந்த இருநூறோடு நின்றிருந்தது. லேபிள் கட்டு மேசையில் வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. யார் மூடினார்களோ தெரியாது.

“இனி ஆறு நாள்தான் இருக்கு. எல்லாரும் லேபிளுக்கு வாங்கோ,” என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. சரி, நானே தொடங்குகிறேன் என்று மேசைக்குப் போய்த் துணியைத் தூக்கினேன். அம்மாள் என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் உயிரோடு பார்க்கிற மாதிரிக் கீறியவன் நானல்லவா? நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எனக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள். கோயில் வீதிக்கே போக முடியாதவன் அம்மாளில் பசை பூசப் போகிறேன்.

கை கீழே வந்தது. திரும்பிப் பார்த்தேன். பதினொரு பெண்கள். பதினொரு பேரும் முருகேசருக்குச் சொந்தம், பதினொரு பேருக்கும் துடக்கு. அப்போதுதான் சுவரில் இருந்த என் முறைப் பட்டியல் கண்ணில் பட்டது. சுகமில்லை என்றவர்களும், கை நடுங்கியவர்களும், மூன்று நாள் நின்றுவிட்டுத் தலைக்குக் குளித்து வந்தவர்களும் ஒவ்வொருவராக விளங்கினார்கள். வெட்கத்தில் என் காது சுட்டது. அந்தச் சிவப்பு மைக் கோடுகளை நினைக்க இப்போதும் சுடுகிறது.

“அக்கா, ஏன் முதலே சொல்லேல்லை?” என்று இராசம்மா அக்காவைக் கேட்டேன்.

அவர் ஓலையை மடியில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

“எதைத் தம்பி சொல்லுறது? மாசத்திலை மூண்டு நாள் கதையை ஆம்பிளைப் பிள்ளையிட்டை எந்த வாயாலை சொல்லுறது? லேபிளைக் கொண்டு வந்த அண்டைக்கு வடிவோ எண்டு கேட்டனீர். வடிவுதான், ஓம் எண்டனாங்கள். இதை உங்களாலை ஒட்ட ஏலுமோ எண்டு நீர் கேக்கேல்லையே.”

விலக்கிய துணியை மறுபடி கட்டின் மேல் இழுத்துவிட்டேன்.

“பனங்கட்டி?” என்றேன் மெதுவாக. “அதையும் துடக்கோடை தொடக்கூடாதோ?”

“வியாபாரச் சாமானுக்கு ஆர் துடக்குப் பாத்தது? கடைக்காரன் வீட்டிலை செத்தவீடெண்டால் முப்பத்தொரு நாளும் கடையைப் பூட்டிப்போட்டே இருக்கிறான்? படம்தான் தம்பி. படம் இல்லாட்டில் ஒரு கரைச்சலும் இல்லை.”

படம் இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? சந்தையில் எந்த மூலையிலும் கிடைக்கும் ஓலைப்பெட்டி. வேறு லேபிள் அடிக்கக் கடதாசி இல்லை, நாளும் இல்லை. இந்த இரண்டாயிரத்தில் மிச்சத்தை எறியவோ எரிக்கவோ யாருக்கும் துணிவில்லை. கடை கைமாறும். எனக்கென்ன, கொழும்புக்கு மறுபடியும் போகலாம். இந்தப் பெண்கள் குட்டானைத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி வியாபாரிகளின் படலையில் நிற்க வேண்டும். என் கெட்டித்தனத்தால் அவர்கள் சம்பளம் போகப் போகிறது. கதிரையில் போய் இருந்தேன். அழுகை வந்தது. வந்தது என்று எழுதுவதில் எனக்கு இப்போது வெட்கமில்லை.

5. பிலோமினா சொன்னது

அப்போது கடைசிப் பாயிலிருந்து பிலோமினா எழுந்து வந்தாள்.

“சேர், எனக்குத் துடக்கு இல்லை. நான் ஒட்டலாம். முகம் கால் கழுவி, முக்காடு போட்டுக்கொண்டு ஒட்டிறன். எனக்கு ஒரு மனக்கிலேசமும் இல்லை.”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை.

“ஒட்டினாப் பிறகு என்ன செய்யிறது? ஆர் தூக்கிறது? ஆர் லொறியிலை ஏத்திறது? கடையிலை பெட்டியை எடுத்துக் குடுக்கிறது ஆர்? நான் ஒருத்தி ஆயிரத்தைந்நூறு பெட்டியையும் காவ ஏலுமோ? வாங்கின சனம் லோஞ்சுக்குள்ளை எங்கை வைக்கும்? அதுக்குள்ளை கால் வைக்கவே இடமில்லை.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?”

அவள் லேபிள் கட்டைக் கையால் காட்டினாள்.

“ஒட்டாமல் விட்டால் என்ன சேர்? எங்கட கோயில் பெருநாளிலை மெழுகுதிரி விப்பினம். அந்தோனியார் படத்தை மெழுகுதிரிப் பெட்டியிலை ஒட்டமாட்டினம். அதைத் தனியாக் கையிலைதான் தருவினம். நாங்கள் வாங்கிச் செபப் புத்தகத்துக்குள்ளை வைப்பம். மெழுகுதிரி எரிஞ்சு முடிஞ்சிடும். படம் இருக்கும்.”

எட்டு வருடம் லேபிள் தொழில் செய்த எனக்கு, லேபிள் என்றால் ஒட்டுவது என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றியதில்லை.

“பெட்டியைக் காலடியிலையும் வைக்கலாம், திண்டு முடிச்சு எறியவும் செய்யலாம்,” என்றாள் பிலோமினா. “படத்தை நான் குடுக்கிறன். நீங்கள் ஒருத்தரும் தொட வேண்டாம்.”

“அப்ப பெட்டி வெறுமையாக் கிடக்குமே? எங்கட பெட்டி எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?” என்று நான் இழுத்தேன். என் தொழில் கௌரவம் அவ்வளவு லேசில் விடுமா?

இராசம்மா அக்கா எழுந்து போய்ச் சாயக் கிடாரத்துக்குள் இருந்து சிவப்பு ஓலை மூன்று கீலம் எடுத்து வந்தார். ஈரத்தோடேயே மூன்றையும் பின்னினார். பெட்டியைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மூடியின் மேல் தாமரை மொட்டுப்போல ஒரு முடிச்சுப் போட்டார். மூடி கழராது. இடையில் யாரும் திறந்தால் முடிச்சுக் காட்டிக் கொடுக்கும். வெள்ளை ஓலையில் அந்தச் சிவப்பு எடுப்பாக இருந்தது.

“வடிவோ தம்பி?” என்று கேட்டார்.

பதினொரு பேரும் சிரித்தார்கள். செத்தவீட்டுக்குப் பிறகு அந்த மண்டபத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் முறைப் பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்தேன். ஆறு நாளில் ஆயிரத்து ஐந்நூறு முடிச்சு. தேநீர் நேரத்தில் நானும் அந்த வட்டத்துக்குள் போய் இருந்தேன். முடிச்சுப் போடவும் பழகினேன். என் முடிச்சு மொட்டாக வராது, வாடிய பூவாக வரும். அவற்றைத் தனியாக எடுத்து அவிழ்த்துக் கட்ட ஒருத்தியை நியமித்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

6. குறிகட்டுவான்

கடையில் நானும் பிலோமினாவும். துறை வரைக்கும் வரத் துடக்குத் தடையில்லை, லோஞ்சில் ஏறத்தான் முடியாது. பெட்டி என் பக்கம். படம் அவள் பக்கம், தனி மேசையில், வெள்ளைத் துணி விரித்து. புதிதாகத் தோய்த்த சேலை உடுத்து முக்காடு போட்டிருந்தாள். கழுத்தில் கறுப்பு நூலில் சிலுவை. அதை உள்ளே விடச் சொல்லலாமா என்று நான் யோசித்தது உண்மை. சொல்ல வாய் வரவில்லை. சனம் அவள் கையால் அம்மாளை வாங்குமா என்ற பயத்தில் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

முதலில் வந்தவர் புங்குடுதீவுப் பக்கத்து அம்மா ஒருவர். பட்டுச் சேலை, நெற்றி நிறைய விபூதி, பின்னால் குடும்பம் முழுவதும். என்னிடம் நான்கு பெட்டி வாங்கினார். “படமும் தருவினம் அம்மா, அங்கை வாங்குங்கோ,” என்றேன். அவர் திரும்பினார். படத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்ற பிலோமினாவைப் பார்த்தார். சிலுவையையும் பார்த்தார்.

“நீ வேதக்காரப் பிள்ளையோ?”

“ஓம் அம்மா. ஊர்காவற்றுறை.”

“பின்னை அம்மாளின்ரை படத்தோடை நீ ஏன் நிக்கிறாய்? உவையின்ரை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிலோமினா முந்திவிட்டாள்.

“எல்லாருக்கும் துடக்கு அம்மா. எனக்கு மட்டும்தான் இல்லை. அதுதான் நான் நிக்கிறன்.”

வரிசையில் நின்ற சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். ஒரு துறை நிறையச் சனத்துக்கு முன்னால் எங்கள் சங்கத்தின் விதி அவர் நாக்கில் இருந்தது.

“சொல்லாமல் வித்திருந்தால் ஆருக்குத் தெரியப் போகுது?” என்றார் அவர். “சொல்லுறியள் பார். அதுக்காகவே வாங்கலாம்.” செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். “மருமேளுக்கும் ஒண்டு தா பிள்ளை.”

அதற்குப் பிறகு பிலோமினாவுக்கு மூச்சு விட நேரமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படம் வாங்குவது அன்றைக்கே வழக்கமாகிவிட்டது. தெற்கிலிருந்து வெள்ளை உடுத்து நயினாதீவுப் புத்த விகாரைக்குப் போன சிங்களச் சனமும் சிவப்பு முடிச்சைக் கண்டு பெட்டி வாங்கினார்கள், நாகத்தைக் கண்டு படமும் கேட்டார்கள். வாங்கியவர்கள் பெட்டியைக் கூடைக்குள்ளும் காலடியிலும் போட்டார்கள். படத்தைச் சட்டைப் பையிலும் சேலைத் தலைப்பிலும் பத்திரப்படுத்தினார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொதி செய்யும் தொழிலில் நான் படித்த பாடம் முழுவதும் அந்த ஒரு பார்வையில் இருந்தது. தேர்த்திருவிழாவுக்கு முதல் நாளே கடையில் பெட்டி முடிந்துவிட்டது.

வாத்தியார் வந்து வெறும் மேசையைப் பார்த்தார். “ம்,” என்றார். “அடுத்த வருஷத்துக்குக் கேட்டு எழுதுவம்.” அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

7. ஒரு படம்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, தோய்ந்து, முப்பத்திரண்டாம் நாள் வேலைக்குப் போனேன். மேசையில் லேபிள் கட்டு இல்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று தெரியும். மனதுக்குள் ஒரு சின்னக் குறை. நான் கீறி, நான் அடித்து, ஒன்றைக்கூடக் கையில் வைத்திருக்கவில்லையே என்று.

பிலோமினா வந்தாள். பத்திரிகைத் தாளில் மடித்து ஒட்டிய ஓர் உறை அவள் கையில்.

“முப்பத்தொண்டு முடிஞ்சுதோ சேர்?”

“ஓம், நேற்று.”

“அப்ப இந்தாங்கோ. முதல் நாளே எடுத்து வைச்சிட்டன். ரெண்டாயிரம் பேர் வாங்கிச்சினம், கீறின ஆள் மட்டும் தொடாமல் நிண்டனீங்கள். எனக்கு அது ஒரு மாதிரிக் கிடந்தது.”

இரண்டு கையாலும் தந்தாள். நான் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றினேன்.

பொதிப் பகுதி அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் நடந்தது. சிவப்பு முடிச்சைப் பார்த்தே கொழும்புக் கடைகளில் எங்கள் பெட்டியைக் கேட்டார்கள். பினாட்டுக்கு நீளப் பெட்டியும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலுக்கு அது ஒடியாத கூடும் பிறகு வந்தன. ஒவ்வொன்றையும் முதலில் அந்தத் தேநீர் வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு நான் சும்மா இருப்பேன். இதை யார் தூக்குவது, எங்கே வைப்பது, முடிந்தபின் என்ன செய்வது என்று அவர்களே ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். வடிவோ என்று கடைசியாகத்தான் கேட்பேன். சிறு தொழில் தொடங்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் டிசைன் காட்ட வருகிறார்கள். அவர்களிடமும் அந்த ஒழுங்கில்தான் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. எனக்கும் அந்த வயதில் வந்தது.

பின்னர் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. ஒரு தடவையல்ல. வீடு போனது, என் புளொக்குகள் போயின, மண்டபம் போனது. பிலோமினா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்த இடமெல்லாம் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். பத்திரிகைத் தாள் உறை மட்டும் ஒவ்வொரு தடவையும் உடுப்புக்கு முதல் பைக்குள் போனது. தாள் மஞ்சளாகிவிட்டது. பசை இன்னும் விடவில்லை, பூச்சியும் அரிக்கவில்லை. மயில்துத்தம் போட்டிருக்கிறாள்.

லேபிள் என்ற கணக்கில் நான் செய்ததிலேயே மோசமானது அதுதான். எறிய மனம் வராத ஒன்றைப் பெட்டியில் ஒட்டக்கூடாது. அதை இந்தக் குறிப்பில் பாடமாக எழுதிவிட்டு, உறையைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைக்கிறேன்.